"மலம் மஞ்சள்தான்": 61ஆம் நாளில் கண்டறியப்பட்ட ஒரு பித்தநாள அடைப்பு

எங்கள் வார்டுக்கு வந்த அன்று அந்தப் பெண் குழந்தைக்கு வயது 61 நாள். வீடு கொட்டாஞ்சேனையில். அங்கிருந்து கொழும்பின் சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவு ஒன்றுக்கு வர, வாகன நெரிசல் இருந்தாலும் ஆட்டோவில் ஒரு மணித்தியாலம் போதும். ஆனாலும் இரண்டு மாதம் போய்விட்டது. குழந்தையின் மலம் என்ன நிறம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் உண்மையான பதில்தான் கிடைத்தது. யாரும் நாப்பியைத் திறந்து பார்க்கவில்லை. இதை எழுத அதுவே காரணம்.

அப்போது நான் அந்த வார்டில் வைத்திய அதிகாரி. குடும்பத்தோடு தமிழில் பேசும் பொறுப்பும் பெரும்பாலும் என்னிடமே இருந்தது. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

முதல் குழந்தை, 38 வாரத்தில் சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ. பிறந்ததும் விற்றமின் கே ஊசி போடப்பட்டது. முதல் நாள் கருமலம் போனது. மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளாகி, ஒரு நாள் நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதுவரை நடந்தது ஆயிரம் குழந்தைகளுக்கு நடப்பதுதான்.

தகப்பனுக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. தாயைப் பார்க்க அம்மம்மா வவுனியாவிலிருந்து வந்து தங்கியிருந்தார். தாய்ப்பால் மட்டும்தான். பிள்ளை நன்றாகக் குடித்தது, நன்றாகத் தூங்கியது, எடையும் கூடியது. இந்த நோய் ஆட்களை ஏமாற்றும் விதமே இப்படித்தான். முதல் இரண்டு மாதம் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். கண்ணில் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான்.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் நாளங்கள் பிறந்த காலத்தை ஒட்டி அழற்சியால் தடித்து, நாராகி, மூடிக்கொள்கின்றன. மருத்துவத்தில் இதன் பெயர் பிலியரி அட்ரீசியா. மேற்கு நாடுகளில் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. தைவானில் ஐந்தாறாயிரத்துக்கு ஒன்று. பித்தநீர் வெளியேற வழியில்லாமல் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதை அரிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. பித்தநீர் வடிய வழி செய்யும் சத்திரசிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல்.

முதல் அறுபது நாள்

18ஆம் நாள் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் கண்ணில் மஞ்சளைக் கவனித்தார். சிங்களத்தில்தான் பேசினார், தாய்க்கு ஓரளவு விளங்கும். மலம் என்ன நிறம் என்று கேட்டதற்குத் தாய் "கஹ" என்றார். சிங்களத்தில் மஞ்சள். அந்தச் சொல்லே புத்தகத்தில் ஏறியது. எதற்கும் ஒரு டொக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு மிட்வைஃப் போனார். அவர் செய்தது சரிதான்.

20ஆம் நாள் அருகிலிருந்த தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் அதே கேள்வி, அதே பதில். இரத்தத்தில் மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் பார்த்தார்கள்: டெசிலீற்றருக்கு 8.6 மில்லிகிராம். மொத்த அளவு மட்டும். அதில் எவ்வளவு 'நேரடி' பிலிரூபின், அதாவது கல்லீரல் ஏற்கெனவே பக்குவப்படுத்திய பகுதி, என்று பிரித்துப் பார்க்கவில்லை. பால் நன்றாகக் குடிக்கிறது, எடை கூடுகிறது, இது தாய்ப்பாலால் வரும் மஞ்சள் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தாய்ப்பால் மஞ்சளில் கூடுவது நேரடி அல்லாத பிலிரூபின். பித்தநாளம் அடைத்தால் கூடுவது நேரடி பிலிரூபின். இரண்டையும் சேர்த்து 8.6 என்றால் அந்த எண் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. பிரித்துப் பார்க்க இன்னொரு முறை குத்த வேண்டியதும் இல்லை. அதே இரத்தம், அதே குழாய்.

அம்மம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. "செங்கமாரி இல்லையாம், சும்மா மஞ்சள்தானாம். காலமை வெயில்ல பிடிச்சா இறங்கிடும்" என்று தினமும் மாடிக்குக் கொண்டுபோனார். 42ஆம் நாள் கிளினிக்கிலும் கண்ணைப் பார்த்தார்கள், நிறத்தைக் கேட்டார்கள். ஏற்கெனவே டொக்டரிடம் காட்டியாயிற்று, இரத்தமும் பார்த்தாயிற்று என்று தாய் சொல்ல, விஷயம் அத்தோடு முடிந்தது. ஒருவர் பார்த்துவிட்டார் என்றால் அடுத்தவரின் கண் மூடிக்கொள்கிறது. நாங்களும் இதற்கு விலக்கில்லை.

61ஆம் நாள்

இரண்டு மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் தொடையில் ஊசி குத்திய புள்ளியிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்து இருபது நிமிடம் கழிந்தும் நிற்கவில்லை. அங்கிருந்த டொக்டர் குழந்தையை மேசையில் கிடத்தினார். கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், பிறகு நாப்பியைத் திறந்தார். அரை மணித்தியாலத்துக்குள் கடிதத்தோடு எங்களிடம் அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தில் இரண்டே வரி. ஒன்று: "மலம் வெளிறியுள்ளது, நானே பார்த்தேன்."

வார்டில் பார்த்தது

எடை 4.7 கிலோ. கண், தோல் இரண்டும் மஞ்சள். கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 4 சென்ரிமீற்றர் வரை, தொட்டால் கட்டியாக. மண்ணீரலின் நுனி விரலில் பட்டது. இதயத்தில் முணுமுணுப்பு இல்லை. முக அமைப்பிலும் வேறு கோளாறைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை.

தாய் கொண்டுவந்த பையில் அன்று மாற்றிய வெள்ளைத் துணி நாப்பி ஒன்று இருந்தது. மலம் கரைத்த கோதுமை மாப்போல இருந்தது, சற்றே சந்தன நிறம். ஆனால் சுற்றியிருந்த துணி நல்ல மஞ்சள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. கைக்குழந்தையின் சிறுநீர் நிறமில்லாமல் தண்ணீர்போல இருக்க வேண்டும். துணியில் கறை விடக்கூடாது. குடலுக்குப் போக முடியாத பித்தநிறம் இரத்தத்தில் ஏறி, இந்தப் பிள்ளைக்குச் சிறுநீர் வழியாக வெளியேறியிருக்கிறது. அந்தச் சிறுநீரில் ஊறிய மலமும் மேலே மஞ்சள் பூசிக்கொண்டது. மரக்குச்சியால் பிளந்து பார்த்தபோது உள்ளே வெளிறித்தான் இருந்தது. தாய் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது மஞ்சள்தான். கடுகின் மஞ்சளும் மஞ்சள், சந்தனத்தின் மஞ்சளும் மஞ்சள், நோயின் பெயரும் மஞ்சள். சிங்களத்திலும் "கஹ" என்ற ஒரே சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது.

இரத்தம்: மொத்த பிலிரூபின் 10.4, அதில் நேரடி 7.1. நேரடி அளவு ஒன்றைத் தாண்டினாலே எந்த வயதிலும் அது சாதாரணம் அல்ல. பித்தநாளம் அடைத்தால் கூடும் கல்லீரல் நொதி ஜீஜீரி 760. இரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் 2.6; சாதாரணமாக அது ஒன்றை ஒட்டியிருக்கும். பித்தநீர் இல்லாத குடலில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாது. கொழுப்போடு சேர்ந்து போகும் விற்றமின் கேயும் உடம்பில் ஏறாது. பிறந்தபோது போட்ட ஊசி இரண்டு மாதத்துக்குத் தாங்கவில்லை. தொடையில் கசிந்த இரத்தம் மூளைக்குள் கசிந்திருந்தால் இந்த ஆய்வு வேறு விதமாக முடிந்திருக்கும். உச்சிக்குழி வழியாக மூளையை ஸ்கேன் செய்தோம்; கசிவு இல்லை. அன்று மாலையே விற்றமின் கே நரம்பு வழியாகக் கொடுத்தோம், மூன்று நாள் தொடர்ந்தோம். மறுநாள் காலை ஐஎன்ஆர் 1.2. கல்லீரல் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே நல்ல செய்தி.

மஞ்சளுக்கு வேறு காரணம் உண்டா என்றும் தேடினோம். தைரொயிட், சிறுநீர்க் கிருமி, கலக்ரோசீமியா என்ற பால்சர்க்கரைக் கோளாறு, சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளில் எதுவும் கிடைக்கவில்லை.

ஸ்கேனில் எங்கள் பிழை

வயிற்று ஸ்கேனை 62ஆம் நாள் செய்தோம். குழந்தை சற்று முன்தான் பால் குடித்திருந்தது. பித்தப்பை தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. பால் குடித்ததும் சாதாரணப் பித்தப்பைகூடச் சுருங்கிவிடும். எனவே அந்த அறிக்கையால் பயன் இல்லை. நான்கு மணித்தியாலம் வெறும் வயிறாக வைத்து அனுப்பும்படி தாதிக்குச் சொல்லியிருக்க வேண்டியது நான். சொல்லவில்லை. மறுநாள் திரும்பச் செய்தோம். பித்தப்பை 14 மில்லிமீற்றர் நீளத்தில், ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தது. நாளங்கள் வெளிவரும் கல்லீரல் வாயில், குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் போர்டல் நரம்புக்கு முன்னால், 4.5 மில்லிமீற்றர் தடிப்பில் முக்கோண நார்க்கற்றை; மூடிப்போன நாளத்தின் மிச்சம் அது. பித்தநாளக் கட்டி எதுவும் இல்லை. மண்ணீரல் ஒன்றுதான், இடமும் சரி. இந்த நோயுள்ள சில குழந்தைகளுக்குப் பல மண்ணீரல்களும் உறுப்புகள் இடம் மாறிய அமைப்பும் இருக்கும் என்பதால் அதைத் தேடிப் பார்த்தோம்.

60 நாளைத் தாண்டிவிட்ட குழந்தைக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான்.

அடுத்து என்ன என்ற முடிவு

அணுக்கதிர் ஸ்கேன் ஒன்று உண்டு. மருந்தை நரம்பில் செலுத்தி, அது கல்லீரல் வழியாகக் குடலுக்கு வருகிறதா என்று 24 மணித்தியாலம் வரை பார்ப்பார்கள். வந்துவிட்டால் அடைப்பு இல்லை. வராவிட்டால் அடைப்பாகவும் இருக்கலாம், கடும் கல்லீரல் அழற்சியாகவும் இருக்கலாம். அதற்கு முன் பித்தநீர் சுரப்பைத் தூண்ட ஐந்து நாள் பினோபார்பிற்றோன் என்ற மருந்து கொடுப்பது வழக்கம். எங்கள் பேராசிரியர் அதை வேண்டாம் என்றார். "வந்தாலும் வராவிட்டாலும் நான் செய்யப்போவதை அது மாற்றாது. ஐந்து நாளை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்" என்பது அவர் சொன்ன காரணம். அன்று எனக்குத் தயக்கம் இருந்தது. இன்று அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

64ஆம் நாள் ஊசியால் கல்லீரலில் சிறு துண்டு எடுத்தோம். நோயியல் பிரிவு இரண்டு நாளில் அறிக்கை தந்தது: சிறு பித்தநாளங்கள் பெருகியிருக்கின்றன, அவற்றுக்குள் பித்த அடைப்புகள், நார்த்தடிப்பு. மூன்றும் சேர்ந்தால் கல்லீரலுக்கு வெளியே நாளத்தில் அடைப்பு இருக்கிறது என்றே பொருள். முடிவான பதில் சத்திரசிகிச்சை மேசையில்தான் கிடைக்கும். பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதை 67ஆம் நாளுக்கு வைத்தோம்.

பெற்றோரோடு பேசியது

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. பிடிக்கவும் வேண்டும்.

முதல் சிக்கல் "பித்தம்" என்ற சொல். பித்த நாளம் என்று நான் தொடங்கியதும் அம்மம்மாவின் முகம் மாறியது. பித்தம் என்றால் சூடு, தாய் சாப்பிட்ட சாப்பாடு என்று அவர் விளங்கிக்கொண்டார். தாய் அப்போது ஒன்றும் பேசவில்லை. பிறகு வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்: "டொக்டர், பிள்ளை பெத்து சரக்குக்கறி கனக்கச் சாப்பிட்டனான். அதாலயா?" சரக்கு என்றால் பிள்ளை பெற்றவருக்கு அரைத்துக் கொடுக்கும் மசாலா. அந்தக் கேள்வியை அவர் எத்தனை நாள் மனதில் சுமந்தாரோ. சரக்கும் காரணமில்லை, பாலும் காரணமில்லை, கர்ப்பத்தில் செய்த எதுவும் காரணமில்லை என்று சொன்னேன். அடுத்த பிள்ளைக்கும் வரும் என்று பயப்படத் தேவையில்லை என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு பித்தம் என்ற சொல்லை விட்டுவிட்டு "கல்லீரல் தண்ணி" என்றே பேசினேன்.

தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினேன். கல்லீரல் ஒரு குளம், குடல் வயல், இடையில் வாய்க்கால் அடைந்து போய்விட்டது. அம்மம்மா வன்னிக்காரர், குளத்து மதகைத் துருசு என்பார். மிச்சத்தை அவரே சொன்னார்: "துருசு மூடிப்போச்சு. திறக்காட்டிக் கட்டு உடையும்." அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கீழ்காய்நெல்லிச் சாறு கொடுத்துப் பார்க்க இரண்டு வாரம் கேட்டவர் தகப்பன். அவர் ஊரில் செங்கமாரிக்கு அதுதான் வைத்தியம்; பெரியவர்கள் சுகமானதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் அதை மறுத்துப் பேசவில்லை. கிருமியால் வீங்கிய கல்லீரல் நாளடைவில் தானாகவே தேறும், இங்கே வாய்க்கால் இல்லை, எந்தச் சாறும் வாய்க்கால் வெட்டாது என்றேன். இரண்டு வாரத்தின் விலையையும் சொன்னேன். சத்திரசிகிச்சை நிச்சயம் குணமாக்கும் என்று சொல்லவில்லை. நன்றாக நடக்கும் இடங்களிலும் பாதிக்குச் சற்றுக் கூடுதலான குழந்தைகளுக்கே மஞ்சள் முழுதாக இறங்குகிறது. இறங்கினாலும் பலருக்குப் பின்னொரு காலத்தில் கல்லீரல் மாற்று தேவைப்படும். தகப்பன் அன்றிரவே கையெழுத்திட்டார்.

சத்திரசிகிச்சை

67ஆம் நாள், வயிற்றின் வலது மேற்பக்கத்தில் சிறிய வெட்டு. கல்லீரல் கரும்பச்சையாக, கையில் பட்டதும் உறுதியாக இருந்தது. பித்தப்பை சுருங்கிய நார். உள்ளே நிறமற்ற சளி சிறிது. சாயம் எங்கும் போகவில்லை. கல்லீரல் வாய் வரை எல்லா நாளமும் மூடிய வகை. அதிகம் காணப்படுவதும் இதுதான். அதற்குப் பிறகே வெட்டைப் பெரிதாக்கினோம்.

செய்தது கசாய் சத்திரசிகிச்சை. ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1955இல் முதலில் செய்து, 1959இல் எழுதி வெளியிட்டது. அதுவரை இந்த நோயின் பெரும்பாலான குழந்தைகளைக் கைவிடுவதே வழக்கம். நாராகிப்போன நாளத்தைக் கல்லீரல் வாய் வரை பின்தொடர்ந்து, கல்லீரலின் மேற்பரப்போடு ஒட்ட வெட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நாளங்கள் அந்த வெட்டில் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில், சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து அங்கேயே தைப்பார்கள். இங்கே வளையத்தின் நீளம் 40 சென்ரிமீற்றர். உணவும் கிருமியும் மேலேறாமல் இருக்க அந்த நீளம். எந்த ஆழத்தில் வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலோட்டமாக வெட்டினால் நுண்நாளம் திறக்காது, ஆழமாகப் போனால் கல்லீரலே தழும்பாகி மூடிவிடும். நாலரை மணித்தியாலம் எடுத்தது.

அதன் பிறகு

நான்காம் நாள் பால் தொடங்கினோம். முதலில் வந்த மலம் வெளிறித்தான் இருந்தது. ஏழாம் நாள் அதிகாலை, இரவுப் பணித் தாதி நாப்பியை மூடி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். உள்ளே பச்சை. அந்தக் காலை வார்டில் எல்லாரும் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொயிட் கொடுக்கவில்லை. 2014இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், அது மஞ்சள் இறங்குவதைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை. பித்தநீர் ஓட உதவும் உர்சோ மருந்து, ஏ, டி, ஈ, கே விற்றமின்கள், கிருமி வராமலிருக்க கோட்ரைமொக்சசோல், எளிதில் உறிஞ்சப்படும் கொழுப்புள்ள பால்மா ஆகியவற்றோடு வீட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பால்மா விலை கூடியது. கடைக்காரச் சம்பளத்தில் ஒவ்வொரு ரின்னும் கணக்குப் பார்த்து வாங்கியது. தாய்ப்பாலை நிறுத்தாமல் பால்மாவைக் கூடுதலாகக் கொடுத்தோம்.

போகும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்: காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே வார்டுக்கு வாருங்கள். குடலோடு கல்லீரலைத் தைத்த பிறகு கிருமி மேலேறுவது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு தாக்கமும் கல்லீரலில் கொஞ்சத்தைத் தின்னும். ஏழாம் வாரத்தில் ஒரு இரவு 38.9 டிகிரி சுட்டது, மலம் மீண்டும் வெளிறியது. இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டார்கள். நாப்பியைப் பையில் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார் அம்மம்மா. பதினான்கு நாள் நரம்பு வழி மருந்தில் அது அடங்கியது.

சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாத முடிவில் மொத்த பிலிரூபின் 1.6. இரண்டுக்குக் கீழே இறங்கிய குழந்தைகளுக்குத் தங்கள் கல்லீரலோடு நெடுநாள் வாழும் வாய்ப்பு அதிகம். ஒன்றரை வயதில் அது 0.7. நடக்கிறாள், பேசுகிறாள். ஆனால் மண்ணீரல் 3 சென்ரிமீற்றர் பெருத்திருக்கிறது, குருதிச் சிறுதட்டு 138,000, சற்றுக் குறைவு. கல்லீரலில் ஏற்கெனவே விழுந்த தழும்பு போகவில்லை, போர்டல் நரம்பில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தால் வீங்கக்கூடிய உணவுக்குழாய் இரத்த நரம்புகளை எண்டொஸ்கொப்பியில் பார்க்க நாள் குறித்திருக்கிறோம். மாற்றுச் சிகிச்சை பற்றியும் பெற்றோரோடு ஒருமுறை பேசியாயிற்று. 40ஆம் நாளில் வந்திருந்தால் இது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. 60 நாள் என்பது சுவர் அல்ல, சரிவு. சரிவில் எவ்வளவு மேலே நிற்கிறோமோ அவ்வளவு நல்லது.

மாற்ற வேண்டியவை, மாற்றியவை

எங்கள் கிளினிக்கில் "மலம் என்ன நிறம்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். "அழுக்கு நாப்பி ஒன்று கொண்டுவாருங்கள், கழுவ வேண்டாம்" என்கிறோம். ஜன்னலுக்கு அருகில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் வைத்துக் குச்சியால் பிளந்து பார்க்கிறோம். பம்பர்ஸ் என்றால் சிறுநீரை உறிஞ்சிவிடும், கறை தெரியாது. அதனால் ஒரு வேளைக்கு வெள்ளைத் துணி கட்டச் சொல்கிறோம். கொண்டுவர முடியாதவர்கள் போனில் படம் எடுத்து வரலாம், ஆனால் மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்த படத்தை நான் நம்புவதில்லை.

14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருக்கும் குழந்தைக்கு, குறைமாதம் என்றால் 21 நாள், மொத்த பிலிரூபினை மட்டும் கேட்டு எழுதும் படிவத்தை எங்கள் பிரிவில் எடுத்துவிட்டோம். இப்போது மொத்தமும் நேரடியும் ஒரே பெட்டியில் இருக்கும், ஒன்றைத் தனியாகக் குறிக்க முடியாது. ஸ்கேன் படிவத்தின் மேலே "வெறும் வயிறு, 4 மணித்தியாலம்" என்று சிவப்பில் அச்சடித்தது என் வேலை.

தைவானில் மல நிற அட்டை 2004இலிருந்து நாடு முழுவதும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு தாயின் கைக்குப் போகிறது. வெளிறிய நிறங்களும் நல்ல நிறங்களும் படமாகவே இருக்கும். அதன் பிறகு அங்கே 60 நாளுக்குள் சத்திரசிகிச்சை பெறும் குழந்தைகளின் விகிதம் கூடியது. படத்துக்குத் தமிழும் வேண்டாம் சிங்களமும் வேண்டாம். எங்கள் வார்டுச் சுவரில் அப்படி ஒன்றை ஒட்டியிருக்கிறோம். சென்ற மாதம் 24 நாள் குழந்தை ஒன்று வந்தது. தாய் அந்தப் படத்தின் முன் நின்று, ஒன்றும் சொல்லாமல், வெளிறிய கட்டங்களில் இரண்டாவதின் மேல் விரலை வைத்தார்.